பச்சை விளக்கும் ஐந்து நாள் கெடுவும்

நான் மலையில் நெட் லைன் போடுகிறவன். பெயர் குமரேசன். நெல்லிவாசல்நாட்டில் யார் வீட்டில் படம் நின்றாலும் முதல் திட்டு எனக்குத்தான். கரண்ட் போனாலும் நான், மரம் விழுந்தாலும் நான். அதனால் அந்தத் திங்கட்கிழமை அம்சவல்லி போன் செய்து, "அண்ணா, உங்க லைன் என் பொழப்பக் கெடுக்குது" என்றபோது எனக்குக் கோபம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஜீப் நிற்கிற இடத்தில் பத்துப் பேர் நடுவே அதையே சொன்னாள். அப்போது வந்தது.

அவள் சும்மா வாய் நீளுகிறவள் இல்லை. பி.காம். முடித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு கர்நாடகத்துக்குக் காபி பறிக்கப் போனாள். கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டிருந்தாள். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்து தூக்கியபோது அந்தப் பெண் குழந்தை வீறிட்டு அழுது, பெரியம்மாவிடம் தாவிவிட்டது. அன்றைக்கே முடிவெடுத்தாள், இனி எஸ்டேட் இல்லை என்று. சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து இன்சூரன்ஸ் படிவங்களில் ஏற்றும் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். புளி, சாமை வேலைகளுக்கு நடுவே மூன்று வருஷமாக அதைச் செய்து வந்தாள்.

வீட்டு நெட்டிலிருந்து ஆபீசுக்குள் போக வி.பி.என். என்று ஒரு தனி வழி உண்டு. காலையில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் பச்சை விளக்கு எரியும். பிறகு பில்கள் வரும். அந்தத் திங்கட்கிழமை பச்சை எரிந்தது, ஒரு பில்லும் வரவில்லை. தொடர்ந்து ஐந்து நாள் வேலை செய்யாதவர் பெயரை எடுத்துவிடுவது அந்தக் கம்பெனியின் சட்டம். வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும்தான் அவளுக்குக் கெடு.

அவளுக்கு யோசனை சொன்னவள் தமிழரசி. மலைக்குக் கீழே கண்ணமங்கலத்துக்காரி, இப்போது அவள் குழுவுக்கு லீடர். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் திணறியவளை, போனிலேயே உட்கார்ந்து பழக்கிவிட்டவள் அம்சவல்லிதான். தமிழரசிக்குப் பிரசவம் ஆன ஏழு வாரமும் அவள் பெயரிலேயே உள்ளே போய் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தாள். எங்கள் மலையில் சாமை அறுப்புக்கு ஆள் மாற்றிக்கொள்வது வழக்கம். இன்றைக்கு உன் கொல்லைக்கு நான், நாளைக்கு என் கொல்லைக்கு நீ. கூலிப் பேச்சே கிடையாது. கம்பெனி பாஸ்வேர்டையும் அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் பாருங்கள், அதுதான் மலைக்காரி.

"ரூட்டரக் கழட்டி மாட்டு அம்சா" என்றாள் தமிழரசி. கழற்றி மாட்டினாள். "உங்கூரு லைன்ல தான் கோளாறு, அந்த ஆளக் கேளு" என்றாள். என்னை வந்து கேட்டாள், அதுவும் ஊர் பார்க்க.

எனக்கு ரோஷம். புதன்கிழமை அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். யூடியூப் ஓடியது, மற்றதெல்லாம் ஓடியது. வி.பி.என். திரையில் இரண்டு எண்கள் இருக்கும், போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று. போனது ஏறிக்கொண்டே இருந்தது. வந்தது பூஜ்யத்திலேயே நின்றது. என் ரூட்டரின் முகவரி ஆபீஸ் முகவரியோடு மோதுகிறதோ என்று மாற்றினேன். லைனில் அனுப்பும் டேட்டாப் பொட்டலத்தின் அளவைச் சிறிதாக்கினேன். அசையவில்லை. வியாழக்கிழமை லேப்டாப்போடு காவலூருக்குக் கூட்டிப்போய் வேறு கம்பெனி லைனில் போட்டேன். அங்கேயும் பச்சை விளக்கு, அங்கேயும் பூஜ்யம்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் புத்தி வந்தது. லைனை மாற்றியாயிற்று, ஊரை மாற்றியாயிற்று, மாற்றாதது ஆளின் பெயரை மட்டும்தான்.

"வேற யாரு பேராவது இதுல போட்டு வெச்சிருக்கியா?" என்றேன்.

"தமிழு பேரு கீதுண்ணா. பிரசவத்தப்ப போட்டது."

அதை அழுத்தச் சொன்னேன். பச்சை எரிந்தது. 'வந்தது' என்ற எண் குபுகுபுவென்று ஏறியது. அதே லேப்டாப், அதே லைன். குழுவின் வேலைப் பட்டியல் திறந்தது. அம்சவல்லியின் பெயர்மீது கோடு. கோடு போட்டது திங்கட்கிழமை காலை எட்டேகால், போட்டவர் தமிழரசி. காரணம் என்ற கட்டத்தில் 'மலையில் நெட் இல்லை, வேலைக்கு வருவதில்லை'. கீழே புதுப் பெயர், பிரியதர்ஷினி. அது தமிழரசியின் தம்பி மனைவி. அந்தக் கல்யாணத்துக்கு அம்சவல்லி இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருந்தாள்.

லீடருக்கு ஒருவரின் பெயரை நீக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் உள்ளே எதையும் தொட முடியாதபடி செய்யலாம், ஐந்து நாள் கழிந்தால் கம்பெனி சட்டமே பெயரை எடுத்துவிடும். அதைச் செய்துவிட்டு, நான்கு நாளாக ரூட்டரைக் கழற்று என்று சொல்லியிருக்கிறாள். வளர்த்த கடா மார்பில் பாய்வது என்பது இதுதான்.

அம்சவல்லி அழவில்லை. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னா அம்சா, சரியாச்சா?"

"ஆச்சு. உம் பேருல போனா எல்லாம் வருது."

தமிழரசி பேசுமுன் அம்சவல்லியே கேட்டாள்.

"ஏன் தமிழு?"

"மேலருந்து ஒரு ஆளக் கொறைக்கச் சொன்னாங்கடி. நான் இன்னா பண்ணட்டும்?"

"கொறைச்ச எடத்துல பிரியா பேரு எப்டி வந்துது?"

தமிழரசியின் குரல் மாறிவிட்டது. "எம் பேருல நுழைஞ்சது கம்பெனிக்குத் தெரிஞ்சா உனக்குத்தான் கேடு. பேசாம வுட்டுடு."

"எங்க மலையில ஒருத்தரத் தள்ளி வெக்கணும்னாகூட ஊரக் கூட்டி, மூஞ்சிக்கு நேராச் சொல்லித்தான் தள்ளி வெப்பாங்க. நீ அதுகூட செய்யல" என்று சொல்லி போனை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஊரு முன்னால உங்களப் பேசிட்டேண்ணா" என்றாள். எனக்கு அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆறு மணிக்கு முன்பே கம்பெனிக்கு மெயில் எழுதினாள். கோடு போட்டதையும் எழுதினாள், ஏழு வாரம் இன்னொருத்தி பெயரில் வேலை செய்ததையும் மறைக்காமல் எழுதினாள். இதை எழுதாதே என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பாதிய மட்டும் சொன்னா நானும் தமிழுதான்" என்றாள். திங்கட்கிழமை பதில் வந்தது. பிறர் பெயரில் நுழைந்தது குற்றம், ஆகவே நீக்கம். தமிழரசிக்கு எச்சரிக்கை மட்டும்.

கார்த்திகையில் காபி பறிக்க ஆள் ஏற்றும் எஸ்டேட் வண்டி வந்தது, அம்சவல்லியும் போவதாக இருந்தாள். அதற்கு முந்தின நாள் லைனைக் கழற்ற அவள் வீட்டுக்குப் போனேன். பெண் குழந்தைக்கு இப்போது நான்கு வயது, இந்த முறை அம்மாவை நன்றாகத் தெரியும், சேலையைப் பிடித்தபடியே நின்றது. அம்சவல்லி லேப்டாப்பைத் திறந்து தன் பெயரைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பாருங்க, இன்னும் உள்ள வுடறாங்க. இத மூடணும்னுகூட யாருக்கும் தோணல."

நான் ஒயரைக் கழற்றினேன். விளக்கு அணையக் கொஞ்ச நேரமானது. அதுவரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.