இடது பக்கம் இழுக்கும் லாரி

எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு எதிரே ஒரு சோபா இருக்கிறது. அதில் சாய்ந்துகொண்டு கம்ப்யூட்டர் கேம் ஆடுவதற்காக நான் வாங்கிய, கெடுத்த, மூலையில் போட்ட சாமான்களைப் பற்றி என் அம்மாவிடம் கேட்டால் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். முப்பத்தாறு வயதுப் பெண், செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஊருக்கெல்லாம் பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறந்து லாரி ஓட்டுகிறாளே என்பது அவளுடைய தீராத வருத்தம். நான் என்ன செய்வேன்? நாள் முழுக்க மற்றவர்களின் பிறந்த தேதியை அடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சாயங்காலம் ஒரு பதினாறு சக்கர லாரி தேவைப்படுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது நைனாவை, அதாவது என் அப்பாவைப் பற்றி.

நைனா கரண்ட் ஆபீஸில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சட்டைப் பையில் பேனாவைப் பார்த்ததில்லை, டெஸ்டர்தான் இருக்கும். வீட்டுக்குள் எந்தப் புதுப்பொருள் வந்தாலும் முதலில் புறங்கையால் தொடுவார். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையென்றால் கை தானாக விலகிவிடும் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. குக்கர், பிளாஸ்டிக் வாளி, என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாமே புறங்கை பட்டுத்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தன.

போன வருஷம் அறுப்பு நேரத்தில் ஒரு காலை எழுந்தபோது அவருக்கு இடது கை வரவில்லை. லேசான பக்கவாதம் என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. கால் சரியாகிவிட்டது. பேச்சு சரியாகிவிட்டது, கெட்ட வார்த்தைகள்கூட ஒன்று குறையாமல் திரும்பி வந்தன. கை மட்டும் முரண்டு பிடித்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்தச் சில மாதங்களில் விரல்களுக்கு வேலை கொடுத்தால் பிடி திரும்பும், விட்டுவிட்டால் இப்படியே நின்றுவிடும். வேலை கொடுப்பதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தும் தந்தார்கள். நைனா நான்கு நாள் அதை அமுக்கினார். ஐந்தாம் நாள், "நான் இன்னா கொழந்தையா?" என்று ஜன்னல் வழியாக வீசினார். பக்கத்து வீட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு போய், டாக்டர் சொன்னபடி ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்தது.

கை வரவில்லை என்பதைவிட, வராத கையை ஊர் பார்க்கும் என்பதுதான் அவருக்கு வலித்தது. இடது கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் கூட்டு ரோட்டு டீக்கடைக்குப் போய் நாட்டு நடப்பைத் திருத்திவிட்டு வருகிறவர், வாசலைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் எனக்கு. எனவே வீட்டில் தினமும் சண்டை.

இதற்கிடையில் நான் மூலை மேசையில் லாரி ஓட்டுவதை டிவியில் பார்த்து அவர் குறை சொல்ல ஆரம்பித்தார். கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்ததே நான்தான், அதற்கான தண்டனை அது.

"வளைவுல போய் பிரேக்கு போடுறியே, முன்னாடியே போடும்மா."

"சரி நைனா."

"இன்னா கம்பம் நட்டு வெச்சிருக்கானுங்க? திரும்புற எடத்துல கம்பத்த இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பியே இல்ல. ஒரு காத்து அடிச்சா சாஞ்சிடும்."

அந்த ஊரில் காற்றே அடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். காற்று இல்லாத ஊர் உண்டா என்று கேட்டார். "நீயே ஓட்டேன் நைனா" என்று எரிச்சலில் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கீபோர்டு வேண்டாம். சோபாவில் சாய்ந்தபடி இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் இருக்கிறது. இடது கட்டைவிரலால் ஒரு சின்னக் குச்சியைத் தள்ளினால் வண்டி திரும்பும். மற்ற விரல்கள் பின்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆள்காட்டி விரல் பிரேக்கை அமுக்க வேண்டும். ரப்பர் பந்துக்கு வேஷம் போட்டது மாதிரி. இதை அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

என் சென்டரில் ஒயர் வைத்த கன்ட்ரோலர் ஒன்று சும்மா கிடந்தது, எடுத்து வந்தேன். ஒயரைப் பார்த்ததும் நைனாவுக்குத் திருப்தி. ஆனால் அதை மேசையிலிருந்து சோபாவரை தரையில் விடப் போனேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

"தரையில லைன் விடுறதா? என் வூட்லயா? நான் செத்த பொறவு விடு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. நான் ஸ்டூல்மேல், அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நைனா சோபாவில் உட்கார்ந்து வலது கையை நீட்டி உத்தரவு போட்டுக்கொண்டு. சுவருக்குச் சுவர் ஒரு இரும்புக் கம்பி கட்டி, அதன்மேல் ஒயரைச் சுற்றி, நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இன்சுலேட்டரும் மாட்டினோம். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு எப்படி லைன் இழுப்பார்களோ, அச்சு அசல் அப்படியே.

"நைனா, இதுல வர்றது அஞ்சு வோல்ட்டு."

"அஞ்சோ ஐநூறோ, லைன்னா லைன்."

மறுநாள் அம்மா ஒட்டடை அடித்தாள். குச்சி லைனில் மாட்டியது, அவள் பிடிவாதமாக இழுத்தாள், கம்ப்யூட்டர் மேசை விளிம்புவரை வந்து நின்றது. "ஊருக்கெல்லாம் லைன் இழுத்தது போதாதா, ஹாலுக்குள்ள வேற இழுக்கணுமா?" என்று அவள் குச்சியோடு நின்ற கோலத்தைப் பார்த்து, ஒயர் இல்லாத கன்ட்ரோலர்தான் இனி என்று வீடே ஒருமனதாக முடிவுசெய்தது. நைனா மட்டும் முணுமுணுத்தார். கண்ணுக்குத் தெரிகிற ஒயரையே நம்ப முடியாது, தெரியாததை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி.

அவசரத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். செல்போன் ரிப்பேர் கடையில் யாரோ விற்றுவிட்டுப் போன பழையதை வாங்கி வந்துவிட்டேன். முதல் நாள் லாரி தடுப்புச் சுவரில் இடித்ததும் கன்ட்ரோலர் கையில் அதிர்ந்தது. "ஷாக்கு!" என்று நைனா அதை உதறிய வேகத்தில் அது அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் போய் விழுந்தது. அதிர்வை நிறுத்திக் கொடுத்தேன். மறுபடி ஓட்டினார்.

லாரி இடது பக்கமே போயிற்று. எவ்வளவு நேராகப் பிடித்தாலும் இடது பக்கம். பள்ளத்தில், வயலில், ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குள். நைனாவுக்கு வேர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை எதிர்ப் பக்கம் தள்ளினார். மூன்று நாள் அப்படியே. நான்காம் நாள் கன்ட்ரோலரை டீப்பாய்மேல் வைத்தார்.

"என் கையிதான் இழுக்குது. அது போச்சும்மா. உட்டுடு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு வாரம் என் லாரியைப் பற்றிக்கூட ஒரு குறையும் சொல்லவில்லை. வேண்டுமென்றே வளைவில் பிரேக் போட்டுப் பார்த்தேன், ஒரு சத்தம் இல்லை. ஆறிக்கொண்டிருந்த புண்ணை நானே கிளறிவிட்டேனே என்று சென்டரில் உட்கார்ந்து அழுதேன். விண்ணப்பம் அடிக்க வந்த ஒருவர் சர்வர் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் கீபோர்டில் கேமைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா டீப்பாயைத் துடைத்தபோது கன்ட்ரோலரின் பட்டன் அமுங்கி அது உயிர் பெற்றிருக்கிறது. திரும்பி வந்து பார்க்கிறேன், நின்றுகொண்டிருந்த லாரியின் முன்சக்கரம் தானாக இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் டீப்பாய்மேல். யார் கையும் அதன்மேல் இல்லை.

"நைனா! இங்க பாரு! இங்க பாரேன்!"

அவர் எழுந்து வந்தார். டிவியைப் பார்த்தார், டீப்பாயைப் பார்த்தார். புறங்கையால் கன்ட்ரோலரைத் தொட்டார்.

"யாரும் தொடலியே?"

"யாரும் தொடல."

"அப்ப என் கையி?"

"உன் கை ஒன்னுமே பண்ணல நைனா. இது கெட்டுப்போனது. நான்தான் பாக்காம வாங்கிட்டேன்."

அந்தக் கன்ட்ரோலரின் பிறப்பைப் பற்றி அவர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷமான வசவை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உடனே ஸ்க்ரூடிரைவர் கேட்டார். நான் கழற்ற, அவர் எட்டிப் பார்த்து, குச்சியின் அடியில் உரசி உரசிக் கார்பன் தேய்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று அம்மாவுக்கு ஒரு மணி நேரம் கார்பனைப் பற்றிப் பாடம் நடந்தது. அம்மா மறுபேச்சுப் பேசாமல் கேட்டாள். அதுவும் வீட்டில் முதல் தடவை.

மறுநாள், "நீ வாங்குனா இப்படித்தான் வாங்குவ" என்று அவரே என் ஸ்கூட்டர் பின்னால் ஏறினார். எத்தனையோ வாரம் கழித்து வாசலைத் தாண்டினார். இடது கைமேல் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்காததுபோல் வண்டியை எடுத்தேன்.

பஜார் கடைக்காரர் மூன்று கன்ட்ரோலர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் கலர் கலராக லைட் எரிந்தது. "திருவிழாவா நடத்தப் போறோம்?" என்று நைனா அதை ஒதுக்கினார். இன்னொன்றில் இடது குச்சி கீழே தள்ளி இருந்தது, அவ்வளவு தூரம் கட்டைவிரலை மடக்க அவரால் முடியாது. மூன்றாவதில் குச்சி மேலே, விரல் இயல்பாக விழும் இடத்தில் இருந்தது. உள்ளே எதுவும் உரசாது, காந்தத்தில் வேலை செய்யும் என்றார் கடைக்காரர். காந்தம் என்றதும் நைனா நிமிர்ந்தார்.

"இத கம்ப்யூட்டர்ல போடு. போட்டுட்டு யாரும் தொடக் கூடாது."

கடைக்காரர் தன் லேப்டாப்பில் இணைத்து, குச்சி நகர்ந்தால் நகரும் ஒரு புள்ளியைத் திரையில் காட்டினார். நைனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்த இரண்டு பேர் என்ன ஏது என்று தெரியாமலேயே கூட நின்றார்கள்.

"இன்னும் இன்னா சார் பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"சும்மா இருக்குதான்னு பாக்குறேன்."

புள்ளி அசையவில்லை. இனி கையில் வாங்கிப் பார்க்க வேண்டும், அதற்குத் துண்டை எடுக்க வேண்டும். ஒரு கணம் சுற்றி எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒருவரும் அவர் கையைப் பார்க்கவில்லை, எல்லோரும் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கன்ட்ரோலரை வாங்கினார்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் லோடு ஏற்றினார். யாரும் இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நின்றார். முந்திச் செல்ல மாட்டார். அவர் பின்னால் கம்ப்யூட்டர் கார்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டே வரும். எனக்கு லாரி கிடைப்பது அத்தோடு நின்றது. ஆனால் கையில் பிடி வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. குச்சியைத் தள்ளுவதற்கு ஒரு விரல் போதும், பிடி என்பது வேறு. டாக்டர் சொன்ன மாதங்களும் முடிந்துகொண்டிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த நேரம். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன், அம்மா மிக்ஸி போட்டாள், நைனா பால் லாரியை மலைப்பாதையில் இறக்கிக்கொண்டிருந்தார். டப்பென்று எல்லாம் நின்றது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது.

"நம்மூட்டுலதான் பியூஸ் போயிருக்குது" என்று எழுந்தார். போன் டார்ச்சை வலது கையில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த மீட்டர் பலகைக்குப் போனார். "மெயின எறக்கு" என்றார், நான் இறக்கினேன். பியூஸ் கம்பி மாட்டியிருக்கும் பீங்கான் கட்டை எப்போதுமே இறுக்கமாக இருக்கும், நானே அதை இரண்டு கையால்தான் பிடுங்குவேன். உதவப் போவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். கட்டையைப் பிடுங்கி, டார்ச் வெளிச்சத்தில் காட்டி, வாயால் ஊதினார்.

ஊதியவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டை இடது கையில் இருந்தது. ஐந்து விரலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அவரும் அப்போதுதான் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றபடி ஓவென்று அழுதாள், நானும் சேர்ந்துகொண்டேன்.

நைனா செருமினார். கண் கலங்கியதை மறைக்க டார்ச்சை எங்கள் பக்கம் திருப்பி எங்கள் கண்ணைக் கூச வைத்தார்.

"இன்னா ஆத்தாளும் மவளும் அழுதுக்கினு நிக்கிறீங்க? போய் பியூஸ் கம்பி எடுத்தாங்க. எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குது, தெரியல?"