குத்துவிளக்கு மட்டும் மிஞ்சிய படம்

பல்லடம் சாலையில் வெகுதூரம் நடந்த பிறகுதான் கைத்துணி என் சட்டைப்பையிலேயே இருப்பது தெரிந்தது. பனியன் கம்பெனிக் கழிவில் பொறுக்கிய வெள்ளைத் துணி. வீடியோ லைட்டின் பிடி சூடேறினால் கை வெந்துவிடும், அதற்காகச் சுற்றிக்கொள்வது. ஓரமெல்லாம் கருகியிருந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாமா என்று நின்றேன். தனியார் பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டு என்னை ஓரத்துக்குத் தள்ளியது. திரும்பாமல் நடந்தேன். வேலையை விட்ட நாட்களில் எங்கே படுப்பது, எங்கே சாப்பிடுவது என்றுதான் முதலில் யோசிப்பேன். அன்று கோபத்தைத் தவிர மனதில் ஒன்றும் இல்லை.

நான் விட்டு வந்தது வீடியோ அண்ணனிடம் பார்த்த வேலையை. திருப்பூரில் ஒரு சந்துக்குள் அவருக்கு ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு எல்லாம் எடுப்பார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தெற்கே இருந்து வந்தவன். கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளினேன், தறி ஓட்டினேன், எதிலும் நிலைக்கவில்லை. அவரிடம் லைட் பிடிக்கும் வேலையில்தான் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தேன். காரணம் அவருடைய குணம். கல்யாண கேசட்டை முடிப்பதற்கு முன் வீட்டாரை ஸ்டுடியோவுக்கு அழைத்து உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவார். "அந்தச் சித்தப்பனை எடுத்துப்போடுங்க, அவிங்களோட இப்பப் பேச்சுவார்த்தை இல்லீங்க" என்பார்கள். மறுபேச்சில்லாமல் வெட்டிவிடுவார். "மூஞ்சி அவங்களுது. வேண்டாங்கறப்ப வெச்சுக்க நாம யாரு?" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதை நான் உயர்ந்த குணம் என்று நினைத்திருந்தேன்.

திருப்பூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனி திறந்தார்கள். திறப்பு விழாவை நாங்கள்தான் எடுத்தோம். மேடையில் இருந்தவர்கள் வரிசையாகக் குத்துவிளக்கேற்றினார்கள், நாதஸ்வரம், சந்தனம், எல்லோருக்கும் லட்டு. அண்ணன் அதிலிருந்தே சின்ன விளம்பரம் ஒன்று செய்து லோக்கல் கேபிளில் ஓடவிட்டார். தறிக்காரர்களும் பனியன் தொழிலாளிகளும் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அடுத்த வருடம் ஒருநாள் காலையில் ஷட்டர் திறக்கவில்லை, பணத்தோடு ஓடிவிட்டார்கள். கொஞ்ச நாளில், அதே ஆட்கள் வேறு பெயரில் மடத்துக்குளத்தில் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. அண்ணன் சாப்பிடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாம எடுத்ததப் பாத்துத்தான சனம் போய்ப் போட்டுச்சு. நாமளே இன்னொண்ணு எடுத்துக் காட்டோணும்." மடத்துக்குளம் கேபிள்காரர் அவருக்கு மச்சான் முறை. அங்கே திறப்பதற்குள் படம் ஓடிவிட வேண்டும். முதலில் அந்த விளக்கேற்றல், பிறகு ஏமாந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவது, அவ்வளவுதான் படம்.

எடுக்கப் போன வீடுகளில் எல்லாம் எங்களைக் கல்யாண வீடியோ எடுக்க வந்தவர்களைப் போலத்தான் நடத்தினார்கள். காபி கொடுத்தார்கள், சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரிலும் நன்றாகப் பேசியது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஓர் அக்கா. பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மகளுக்கு வைத்திருந்த நகையை விற்றுப் பணம் கட்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "கண்ணு, அந்த லைட்ட அக்கட்டத் தள்ளிப் புடி. கண்ணுல தண்ணி வருது. அழுகறன்னு நெனைச்சுக்குவாங்க" என்றார். தள்ளிப் பிடித்தேன். தண்ணீர் நிற்கவில்லை.

அதன் பிறகு அண்ணன் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணத்துக்கு அழைப்பதைப் போலவே பேசிய எல்லோரையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். முதலில் ஒரே சிரிப்பு. "ஏனுங்க, உங்களுக்கு முன்னால உங்க தொப்பை வந்து பேசுதுங்க" என்று ஒருவர், படத்தில் பேசியிருந்த ஒரு தறிக்காரரைக் கிண்டல் செய்தார். தறிக்காரர், "பணந்தான் போச்சு, அதாவது மிஞ்சட்டும் உடுங்க" என்றார். படம் ஓட ஓடச் சிரிப்பு அடங்கியது. முடிந்ததும் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து வரத் தொடங்கினார்கள். முதலில் தறிக்காரர். "நான் ஏமாந்தது எங்கூட்டு அண்ணன் தம்பிகளுக்குத் தெரியாதுங்க, என்னைய எடுத்துப்போடுங்க சாமி." அண்ணன் வெட்டினார். அடுத்து வந்தவருக்கு முதலாளி பயம். இன்னொருவருக்கு மனைவி பயம். வெட்டினார், வெட்டினார். "அண்ணே, இப்படியே போனா என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். மூஞ்சி அவர்களுடையது என்ற அதே பேச்சுத்தான் பதிலாக வந்தது.

கடைசியாகச் செக்கிங் அக்கா வந்தார். வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார். "நம்ம பாப்பாவுக்குக் கூடிருச்சுங்க. கல்யாண வீடியோ நீங்கதான் எடுக்கோணும்" என்று தட்டை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளை ஊடு மடத்துக்குளமுங்க. நகை போன கதைய அங்க போட்டுக் காட்டுனா சம்பந்தம் நிக்குமுங்களா?" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அந்த ஊர்க்காரங்க ஏமாறட்டுமாக்கா?" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நான் ஏமாந்தப்ப எனக்கு யாரு கண்ணு படம் போட்டுக் காட்டுனாங்க?"

அண்ணன் வெற்றிலைத் தட்டை வாங்கி வைத்துவிட்டு அவரையும் வெட்டினார். அவர் போன பிறகு மிஞ்சியதை ஓடவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் கிராபிக்ஸ் பூ விரிந்தது, நாதஸ்வரம் கேட்டது, மேடையில் சிரித்துக்கொண்டே குத்துவிளக்கேற்றினார்கள், எல்லோரும் கைதட்டி லட்டு தின்றார்கள். பழைய விளம்பரமேதான். அதை நிறுத்தவும் தோன்றாமல் இருவரும் முடியும்வரை பார்த்தோம். லைட்டை மூலையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். "நாளைக்கு முகூர்த்தம் இருக்குது, சோறு தின்னுட்டாவது போடா" என்று அண்ணன் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

இப்போது எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். செல்போனில் கம்பெனி மோசடிகளைப் பற்றிய படங்கள் நிறைய வருகின்றன. எந்தெந்த நாட்டுக்காரர்களோ கேமராவைப் பார்த்து, நான் ஏமாந்தேன் என்று சொல்கிறார்கள். நான் கதையைக் கவனிப்பதில்லை. மறுநாள் இவர் வந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருப்பாரா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவைக் குறை சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. அண்ணனையும் முழுதாக வெறுக்க முடியவில்லை. ஆனால் விளக்கேற்றியவர்களில் ஒருவர்கூடத் தன் முகத்தை நீக்கச் சொல்லி அந்தச் சந்துக்குள் வரவில்லை. வெட்கப்பட வேண்டிய வேலையும் ஏமாந்தவர்கள் தலையிலேயே விழுந்தது. என் எரிச்சல் எல்லாம் அதில்தான், அது ஆறவே இல்லை.

அண்ணனை விட்டு வந்த அன்று இரவு பல்லடம் பஸ் நிலையத்தில் படுத்தேன். காலையில், ஆள் தேவை என்று போர்டு போட்டிருந்த ஒரு பனியன் கம்பெனியில் நுழைந்தேன். செக்கிங்கில் போட்டார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே நீண்ட மேசை, அதன்மேல் பனியன் குவியல். சூப்பர்வைசர் அம்மா அம்புக்குறி போட்ட சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை என் முன்னால் வைத்தார்.

"ஓட்டை தெரிஞ்சா அங்க ஒட்டோணும். மறைச்சு உள்ள தள்ளுனீங்கன்னா சாயங்காலமே கெளம்பிக்கலாமுங்க."

மேசையில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்த கருகிய கைத்துணியை எடுத்துத் துடைத்தேன். முதல் பனியனை விரித்தேன். தோள்பட்டையில் ஓர் ஓட்டை. ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினேன்.