பயணத்தில் இருக்கும் பெல்சி

காரைக்குடியில் லிஃப்ட் உள்ள கட்டடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த பெல்சிக்கு, சென்னையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்ன வயதில் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் அடி வாங்கியவள். பத்தாவது படிக்கையில் மாதா கோயில் மைக் செட் பூசைக்கு நடுவே மக்கர் பண்ணியபோது, அதைச் சரிசெய்தவளும் அவள்தான். அன்றைக்கு முன்வரிசையில் அப்பா அமலதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அப்பாதான் இப்போது முறுக்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். மகள் பாலிடெக்னிக் முடித்ததும், காரைக்குடி செக்காலையில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே லேப் வேலைக்கு நடையாய் நடந்து சொல்லிவைத்திருந்தார். மகள் வேண்டாம் என்றாள். கத்துகிற ஆள் என்றால் சமாளித்துவிடலாம். இவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிற ரகம். பெல்சி பல்லவன் ரயிலுக்குக் கிளம்பிய விடிகாலையில் அன்றைய பேப்பர்கூட வந்திருக்கவில்லை. மனிதர் முந்தின நாள் பேப்பரைப் பிடித்திருந்தார்.

சென்னையில் அவளுக்கு வேலை பிடித்துப்போனது. கையெல்லாம் கிரீசாக லிஃப்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பாள். வேலை முடிந்தபின் அதே லிஃப்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்காமல் ஐந்தாம் மாடிக்குப் போவதைப் பார்த்தால், அதில் தன் பங்கும் இருக்கிறதென்று பெருமையாக இருக்கும். அதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் ஏக்கம். அம்மா வியாகுலம்மாளோடு தினமும் பேசுவாள். அப்பாவிடம் கொடு என்றால், "அப்பா குளிக்கிறாகம்மா" என்று பதில் வரும். ஒரு மனிதர் எத்தனை தடவைதான் குளிப்பார். கேட்டால் அழுதுவிடுவோம் என்று பெல்சி போனை வைத்துவிடுவாள்.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் சாயங்காலம் ஏழரைக்குக் கூப்பிட்டுவிட்டாள். அது வீட்டில் செபமாலை சொல்லும் நேரம், யாரும் போனைத் தொடமாட்டார்கள். அம்மா சத்தத்தை நிறுத்துவதாக நினைத்துப் பச்சையை அமுக்கி, போனை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அப்பாவின் குரல் பெல்சியின் காதில் விழுந்தது.

செபமாலை மணிகளைப் பத்துப் பத்தாகச் சொல்வார்கள். ஒவ்வொரு பத்தையும் ஒரு கருத்துக்காக ஒப்புக்கொடுப்பது அவர் வழக்கம். முதல் பத்து இறந்தவர்களுக்கு, இரண்டாவது நோயாளிகளுக்கு. மூன்றாவதற்கு அவர் சொன்னார்: "பயணத்தில் இருக்கும் எங்கள் மகள் பெல்சி பத்திரமாய் வீடு வந்து சேர."

அவள் வேளச்சேரி விடுதியில் ஆறு மாதமாகத் தின்று தூங்குகிறாள். அப்பாவைப் பொறுத்தவரை இன்னும் ரயிலைவிட்டே இறங்கவில்லை. கணக்கு வாத்தியாரின் கணக்கு இப்படியா போகும்! சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாள். அன்று செபத்தில் மூன்றாவது பத்து வந்ததும், அமலதாஸ் பழக்கதோஷத்தில் "பயணத்தில் இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"நான் பயணத்துல இல்லப்பா" என்றாள் பெல்சி. "சென்னையிலதான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன். நீங்க என்னைய ரயில்லயே வச்சிருந்தீகன்னா, நான் எப்பப் போய்ச் சேர்றது?"

அவர் மீதிச் செபத்தைத் தலை நிமிராமல் முடித்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த லிஃப்டு கயிறு அறுந்துபோச்சுன்னா என்னம்மா செய்வீக?"

பெல்சி சொல்லத் தொடங்கினாள். கயிறு ஒன்றல்ல, பல என்றாள். பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று தம்ளரை ஏற்றி இறக்கிக் காட்டினாள். சோறு ஆறிப்போனது. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மூன்றாவது பத்துக்கு அமலதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சென்னையில் குடியிருக்கும் எங்கள் மகளுக்காகவும், அவள் சரிபார்த்த லிஃப்டில் இன்றைக்கு ஏறி இறங்கிய எல்லாருக்காகவும்" என்றார்.

பெல்சி முதல் மணியிலேயே அழுதுவிட்டாள். அந்தப் பத்தை அம்மாவும் அப்பாவும்தான் சொல்லி முடித்தார்கள்.