ரேடியேட்டரில் மஞ்சள்

தேயிலை மூட்டைகளோடு லவ்டேல் ஏற்றத்தில் என் டிராக்டர் இரண்டாவது முறையாகக் கொதித்து நின்றபோது தம்பியிடம் ஒன்றுதான் சொன்னேன். "நாளைக்குக் காலையில எஞ்சினுக்குள்ள இருக்கிற துருவக் கழுவப் போறேன். தண்ணி யோக்கியமா வந்தா நீயே ஓட்டு. சேறா வந்தா சாவிய வெச்சுட்டு எறங்கிக்க."

பதினெட்டு வருடமாக அந்த வண்டியை அவன்தான் ஓட்டினான். வேறு வேலை தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சாப்பாடு என் வீட்டில். அந்த சீட்டை விட்டால் அவனுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பூண்டு மூட்டை தூக்க மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தேன். இன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அறுபது தோட்டத்து இலை என் டிரெய்லரில்தான் ஃபேக்டரிக்குப் போகிறது. மெக்கானிக் படிப்புப் படித்தவர்கள் என் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

உறைபனிக் காலத்தில் சாயங்காலம் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட வேண்டும், காலையில் ஓடைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் போட்ட சட்டம் அது. தண்ணீர் உறையாமலும் இரும்பு துருப்பிடிக்காமலும் காக்கிற கூலன்ட் வாங்க நான் விட்டதில்லை. ராத்திரி முழுக்கக் காலியாகக் கிடந்து, தினமும் புதுத் தண்ணீர் குடிக்கிற இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் போட்டவன் நான், ஓட்டினவன் அவன்.

மறுநாள் இலை நிறுக்க ஆட்கள் என் வீட்டு வாசலுக்கு வரும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்க வேண்டும். தண்ணீர் ஓட்டத்தை மறிக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்தேன். தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"சோடா வேண்டாங்ணா. வெறுந்தண்ணியில கழுவிக்கலாங்ணா."

"ஏன், உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கற?"

"ரேடியேட்டர் ஓட்டையா இருக்குதுங்ணா. உள்ள இருக்கிற அழுக்குத்தான் அதை அடச்சு நிக்குது. புதுசு போடலாம்னு ரண்டு வருசமாச் சொல்லீட்டுத்தான இருக்கறேன்."

சொல்லியிருந்தான். ஓட்டுகிறவனுக்குத் திறமை இருந்தால் பழசே போதும் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தேன். சோடாத் தண்ணீரை ஊற்றி, எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டேன்.

ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். இருமுவது போல இரண்டு தடவை துப்பிவிட்டு, செங்கல் நிறத்தில் கொட்டியது. துருச் செதில்கள் வாளியின் அடியில் படிந்தன. "பாத்துக்குங்க, பதினெட்டு வருசத்து டிரைவர்" என்றேன். அதற்குப் பிறகுதான் மஞ்சளாக, கூழ் மாதிரி, கட்டி கட்டியாக வர ஆரம்பித்தது. முன்னால் நின்ற கிழவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, வண்டிக்குள்ள சாம்பார் வெச்சிருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விரலில் தொட்டு முகர்ந்தேன். மஞ்சள் தூள்.

"ஓட்டைய அடைக்கறதுக்குங்ணா" என்றான் தம்பி. "வாரத்துக்கு ஒரு கை போட்டா ஒழுகாது."

"எங்க வாங்குன?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வாசலில் நின்ற என் மனைவி சொன்னாள். "நாந்தான் ஊட்டுல இருந்து குடுத்தேன். வண்டி நின்னா நீங்க அவனத்தான வைவீங்க?"

துருவுக்காக வந்த கோபம் வேறு, இது வேறு. இரண்டு வருடமாக என் சமையலறையிலிருந்து என் எஞ்சினுக்கு மஞ்சள் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியாமல் ஒரு கூடை இலை நகராது.

"அப்ப இத்தன நாளா வண்டிய ஓட்டுனது நீயில்ல, உங்க அண்ணி" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. தம்பியும் சிரித்தான். தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் விட்டுவிடுவேன் என்று நினைத்திருப்பான். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கையை நீட்டினேன்.

"அண்ணிய ஒண்ணுஞ் சொல்லாதீங்ணா" என்றான்.

"சாவி."

கொடுத்தான். அந்த வாளியையும் அவனையே தூக்கிப் போய்க் கொட்டச் சொன்னேன். வாசலில் சிந்தியதையும் அவனே கழுவினான். இலைக்காரர்கள் யாரும் அவசரப்பட்டுக் கிளம்பவில்லை.

ஹோஸ் பைப்பைக் கீழே சொருகி, தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டேன். தெளிந்து வந்தது. கூடவே ரேடியேட்டரில் எட்டு ஒன்பது இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. அவன் சொன்னது சரிதான். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானமே கோயம்புத்தூருக்கு இறங்கிப் புது ரேடியேட்டர் வாங்கி வந்தேன். அவன் இல்லாமல் அந்த வண்டி ஒரு நாள் நின்றது என்று யாரும் பேசக் கூடாது.

இரண்டு நாள் அவன் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குன்னூருக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கவாத்து வேலைக்குப் போய்விட்டான். ஐம்பது வயதில், செடி வெட்ட. மனைவி எனக்குச் சோறு போடுகிறாள். என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.

போன மழையில் ஃபேக்டரியில் இலையை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். புது டிரைவர் ஓட்ட, நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். தம்பி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்து போனான். டிரைவர் வேகத்தைக் குறைத்தான்.

"உங்க தம்பிங்களா? ஏத்திக்கலாங்களா?"

"எடமில்ல, போ."

பின்னால் டிரெய்லர் காலியாகக் குதித்துக்கொண்டு வந்தது. டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கியரை மாற்றினான்.