ஆறு மில்லி மிஞ்ச வேண்டும்

பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனை அறையில் பதினேழு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. அடியில் சிறு துளையுள்ள கிண்ணத்தில் பெயிண்டை நிரப்பி, அது ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பாள். சீக்கிரம் ஓடினால் சுவரில் வழியும். தயங்கித் தயங்கி ஓடினால் பிரஷ் நகராது. அங்கே எல்லோருக்கும் அவள் விநாடி அக்கா.

கணவருக்குப் பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிய பிறகும் விழுங்குவது சிக்கலாகவே இருந்தது. ஒரு மடக்குத் தண்ணீருக்கே புரையேறிக் கண் பிதுங்கியது.

"தண்ணி வேகமா ஓடிடுதும்மா. தொண்டை மூடிக்கறதுக்குள்ள நுரையீரலுக்குப் போயிடுது. இந்தப் பொடியக் கலந்து கெட்டியாக்கிக் குடுங்க," என்றார் மருத்துவமனையின் விழுங்கல் பயிற்சியாளர். ஊசியில்லாத சிரிஞ்சில் அந்தக் கலவையைப் பத்து மில்லி நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டுக் காட்டினார். "உள்ள ஆறு மில்லி மிஞ்சணும்."

அட, நம்ம வேலையேதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் அது தினசரிப் போராட்டமானது. காலையில் அவள் கலந்து வைத்துவிட்டு, சமையலை முடித்து வந்து கொடுத்தது ஒழுங்காக இறங்கும். மதியம் நாத்தனார் கொடுத்ததோ ஒரு நாள் இருமலில் முடியும். மறுநாள் ஸ்பூனை விட்டே விழாது.

"போஸ்டர் ஒட்டப் போறியா?" என்று குழறிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானும் ரெண்டு ஸ்பூன்தான் போடறேன் அண்ணி," என்று நாத்தனார் கண் கலங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை விநாடி அக்கா சிரிஞ்சோடு உட்கார்ந்தாள். கலந்த உடனே பார்த்தால் மூன்று மில்லி மிஞ்சியது. அதே டம்ளரிலிருந்து கால் மணி கழித்து எடுத்தால் ஆறு. ஒரு மணி நேரம் விட்டால் சொட்டுக்கூட இறங்கவில்லை. பொடி ஊற ஊறக் கெட்டியாகிக்கொண்டே போனது.

"உன் மேல தப்பே இல்ல. கலந்து கால் மணி விட்டுக் குடு. மிஞ்சினதக் கொட்டிடு," என்றாள்.

அதற்குப் பிறகு புரையேறுவது நின்றது. வற்றியிருந்த கன்னத்தில் சதை வைத்தது. மாதாமாதம் பயிற்சியாளர் சோதித்துப் பார்த்து நாலு மில்லி என்றார், பிறகு ரெண்டு. ஐந்தாம் மாதம், வெறும் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கணவர் தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். இரு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருமல் வரவில்லை.

"இதுல ஒரு ருசியும் இல்லையே," என்றார்.

"தண்ணின்னா அப்படித்தாண்ணே," என்றாள் தங்கை.

டம்ளரில் குடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்காக அவர் தங்கையோடு சண்டை பிடித்தார். பாதி வார்த்தை குழறியது. ஆனாலும் ஜெயித்தது அவர்தான்.