சிக்குக் கோலத்தில் ஏறிய ரோபோ வண்டி

பெரியகுளம் கோடை ரோபோ முகாமில் இன்று கடைசி நாள். கறுப்புக் கடப்பாக்கல் தரையில் ஒட்டிய வெள்ளை டேப்பைப் பிடித்து, பத்தாவது முடித்த செல்வியின் வண்டி ஓட வேண்டும்.

"ஓடுனா கம்ப்யூட்டர் குரூப்பு. இல்லேன்னா படிச்சது போதும்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

முகாமில் சொல்லிக்கொடுக்கும் நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள், நிறைவு விழாவாயிற்றே என்று அவள் அம்மா டேப்பைத் தொட்டாற்போல் வெள்ளைக் கோலமாவில் பெரிய சிக்குக் கோலம் போட்டுவிட்டார்.

வண்டி டேப்பை விட்டுக் கோலத்தில் ஏறியது. ஒரு வளைவு விடாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"கோலத்தை அழிச்சிட்டு இன்னொரு தடவை ஓட்டுறோங்க" என்று கெஞ்சினேன்.

"விசேஷம் முடியாம யாராச்சும் கோலத்தை அழிப்பாகளா?" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

செல்வி இன்னும் அழுகிறாள். திங்கட்கிழமை அட்மிஷன். அப்பாவிடம் தூது போக இப்போதைக்குக் கிடைத்திருப்பவர் கோலம் போட்ட அம்மாதான்.

வேறு யாராவது இருக்கிறீர்களா?