அமைச்சரை ஆற்றில் தள்ளினார்கள்

சனிக்கிழமை மதியம் திருச்சியில் பாலக்காட்டு ரயிலைப் பிடித்தேன். திருப்பூருக்குச் சுமார் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். முன்பதிவில்லாத பெட்டியில் டிக்கெட் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. கரூரில் ஏறி எதிரே அமர்ந்த பெரியவர், ஈரோடு தாண்டுவதற்குள் என் ஊர், பிள்ளைகள், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "திருப்பூர்ல என்ன சோலிங்க?" என்றார்.

"ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதிக் கொடுத்திருக்கேன். அதைச் சோதிச்சுப் பாக்கறாங்க. அதுக்குப் போறேன்."

"வெளையாட்டுக்குக் கதையா? கபடிங்களா?"

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றேன். ஒரு மாய நாடு. பலர் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து, வாளேந்திய வீரர்களாக உலாவலாம். பெரியவர் யோசித்தார். "அவிங்க பாட்டுக்கு உலாத்துனா, உங்க கதை எதுக்குங்க?"

அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்தேன். மறுநாள் சிரிக்கவில்லை.

ஊத்துக்குளியில் ரயில் நின்றபோது அவர் இறங்கிக்கொண்டார். அடுத்த கால் மணி நேரத்தில் திருப்பூர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ராயபுரத்துக்கு எண்பது ரூபாய் கேட்டார். தெருவெல்லாம் துணிப்பொதி ஏற்றிய டெம்போக்கள். டீக்கடையில் தமிழுக்குச் சமமாக இந்தி. என்னை வரவழைத்தவர் நந்தினி. பெங்களூரில் விளையாட்டு நிறுவனமொன்றில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பனியன் கம்பெனி மாடியில் சொந்தமாக ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். பெயர் 'ஏழ்கரை நாடு'. ஒரு வருடமாக நாங்கள் போனிலும் மின்னஞ்சலிலும்தான் பேசியிருந்தோம்.

"வாங்க சார், ரயில்ல உக்கார எடம் கெடச்சுதுங்களா?" என்று வாசலுக்கே வந்தார். பின்னால் அவருடைய அப்பா பழனிச்சாமி, மடித்துக் கட்டிய வேட்டியோடு. அவருக்குப் பக்கத்தில் ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். விளையாட்டின் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவன் கையில்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏழ்கரை நாட்டு மன்னரின் மணிமுடி களவுபோகிறது. அமைச்சர் வில்வநாதர் ஆற்றங்கரைப் பாலத்தருகே நின்று, வருகிற வீரனிடம் நடந்ததை எடுத்துரைக்கிறார். வீரன் பாலத்தைக் கடந்து, காடு, குகை, பாழ்மண்டபம் என்று ஐந்து தேர்வுகளை வென்று, ஏழாவது அத்தியாயத்தில் மலைக்கோட்டையில் களவாடியவனைச் சந்திக்கிறான். அவன் வேறு யாருமில்லை. அரசி குழந்தையாகவே ஆற்றில் விட்டுவிட்ட மூத்த மகன். அந்த இடத்தை எழுதும்போது நானே கண் கலங்கினேன். வில்வநாதரின் தொடக்க உரை மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு டீ ஆறிப் பாலாடை படிகிற நீளம்.

இரவுச் சாப்பாட்டின்போதே அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. வீரர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கதையைத் தொடாமலேகூட வாழலாம் என்பது நந்தினியின் கொள்கை. பழனிச்சாமிக்கு அது சற்றும் பிடிக்கவில்லை.

"இங்க பாருங்க சார். நூல் வந்தா நிட்டிங். அப்புறம் சாயம், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங். கழுத்துப்பட்டிய மொதல்ல தெச்சுப்போட்டு அப்புறமா துணி ஓட்டுனா பனியனாகுமுங்களா? எதுக்கும் ஒரு லைன் வேணுமுங்க."

"நீங்க சொல்றதுதான் சரி," என்றேன் நான், முழு மனதோடு.

"அப்பா, இது பனியனில்லீங்க," என்றார் நந்தினி.

"பனியனில்லைன்னுதான் நானும் சொல்றேன் கண்ணு. பெரிய ஆர்டர் வந்திருக்குது. செக்கிங்குக்கு எடம் பத்தலை. நாளைக்கு இது உருப்படியா ஓடலைன்னா, திங்கக்கெழம செக்கிங் டேபிளெல்லாம் மாடிக்கு வந்துரும்."

நந்தினி தட்டில் இருந்த சந்தவை இடியாப்பத்தைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய ஒரு வருட உழைப்பு அந்த மாடியில் இருந்தது. என்னுடைய ஏழு அத்தியாயங்களும்தான்.

ஞாயிறு காலை, கம்பெனியில் வேலை செய்பவர்கள் பத்துப் பேர் சோதனைக்கு வந்தார்கள். மதியம் பிரியாணி என்று சொல்லியிருந்தது. வாடகைக்கு எடுத்த பத்துக் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். நான் கையைக் கட்டியபடி பின்னால் நின்றேன், மகளின் அரங்கேற்றத்துக்கு வந்த தகப்பனைப் போல.

திரையில் வில்வநாதர் கை உயர்த்தினார். "வீரனே, கேள்! இந்நாட்டின் துயரக் கதையை..."

ஒன்பது பேர் கேட்கவில்லை, தங்கள் வீரர்களைத் திருப்பி வேறு பக்கம் நடத்திப் போய்விட்டார்கள். கேட்ட ஒருவர் செல்வி. ஓவர்லாக் டெய்லர், நாசரேத் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். அவரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அமைச்சருக்குப் பின்னால் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் அவர் கண்.

"கோழியைப் பிடிக்க முடியுமா?" என்று ஜெபாவிடம் கிசுகிசுத்தேன்.

"பிடிக்கலாம் அண்ணாச்சி. நந்தினி அக்காதான் எல்லாத்தையும் பிடிக்கலாம்னு வச்சிருக்காவ."

செல்வி பாய்ந்தார். கோழி அமைச்சரின் கால்களுக்கிடையில் புகுந்தது. செல்வி அமைச்சரை ஒரு தள்ளுத் தள்ளினார். வில்வநாதர் ஆற்றில் விழுந்தார்.

கதைக்கு அவர் முக்கியம் என்பதால் ஜெபா அவருக்குச் சாவில்லாமல் செய்திருந்தான். ஆகவே அவர் ஆற்றின் அடியில் நின்றபடி, குமிழி குமிழியாக உரையைத் தொடர்ந்தார். "...அன்றிரவு, களஞ்சியக் காவலர்கள் உறங்கிய வேளையில்..."

அறையே சிரிப்பில் ஆடியது. போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடி வந்தார்கள், அமைச்சரைப் பார்ப்பதற்கு. ஜெபா அவரைக் கரையேற்றினான், இன்னொருவர் தள்ளினார். மறுபடி ஏற்றினான், வரிசையில் நின்று தள்ளினார்கள். இதற்கிடையில் ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங் மெஷின் ஓட்டும் பிகாஷ், சந்தையில் கிடந்த பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலத்தின் பக்கமே போகாமல் ஊர் மதிலைத் தாண்டி, மலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கீழே யாரைப் பார்த்தாலும் கையசைத்தார்.

எனக்குக் காது சுட்டது. நந்தினியைத் தனியே அழைத்தேன். "இது கதை சொல்ற முறையா? ஒருத்தரும் ரெண்டாவது அத்தியாயத்துக்கே போகலை."

"அவங்க சந்தோஷமா இருக்காங்களே சார்."

"என் அமைச்சர் தண்ணிக்குள்ள இருக்கார்!"

என் முகத்தைப் பார்த்து நந்தினி இரக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாப் பக்கவழிகளையும் அடைக்க ஜெபாவிடம் சொன்னார். கோழி, பானை, சந்தை எதையும் தொட முடியாது. ஒரே பாதை, ஒரே பாலம். அமைச்சர் பேசி முடித்தால்தான் பாலத்தின் வாயிற்கதவு திறக்கும், அதுவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

பத்து வீரர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி பாலத்தில் நின்றார்கள். வில்வநாதர் முதலாமவரிடம் ஆரம்பித்தார். பழனிச்சாமி மாடிக்கு வந்து எட்டிப் பார்த்து, "இப்பத்தானுங்க ஒரு ஒழுங்கா இருக்குது," என்று மகிழ்ந்து இறங்கினார். அவர் தலை மறைந்ததும் ஒருவர் கொட்டாவி விட்டார். அது வரிசை முழுக்கப் பரவியது. இருவர் டீ குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை. செல்வி ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"சார், தப்பா நினைக்காதிய. எங்க கோயில்ல பாஸ்டர் கூட இம்புட்டு நேரம் பேசமாட்டாரு."

என் வாழ்க்கையில் நான் பெற்ற விமர்சனங்களிலேயே சுருக்கமானது அது. பிரியாணி எனக்கு இறங்கவில்லை. "கதவையெல்லாம் திறந்துவிடுங்க," என்று நந்தினியிடம் சொன்னேன். "நான் சாயங்கால வண்டிக்குப் போறேன்."

அப்போதுதான் பழனிச்சாமி, காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படி நேராப் போறதுன்னு நான் காட்டுறேன் பாருங்க. வழிய விட்டு ஏன் போறீங்க?"

அவர் நேராகத்தான் போனார், பாலத்துக்கு முப்பது அடி வரை. அங்கே சாலையோரம் ஒரு தரிசு இருந்தது. நின்றார்.

"இந்த மண்ணு யாருதுங்க தம்பி?"

"யாருக்கும் சொந்தமில்ல முதலாளி. யார் வேணாலும் உழலாம்," என்றான் ஜெபா.

"சும்மாவா கெடக்குது?"

அவ்வளவுதான். மண்வெட்டி வாங்கினார். வரப்பு போட்டார். சோளம் விதைத்தார். நந்தினி அவர் தோளருகே குனிந்து, "அப்பா, மணிமுடி காணாமப் போயிருச்சுங்களே," என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"காணாமப் போட்டவன் தேடட்டும் கண்ணு. ஒரு கெணறு வெட்டோணும். இங்க தண்ணியே காணோம்."

நான் பையை எடுத்துவிட்டேன். ஜெபா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த தன் அறைக்கு என்னை இழுத்துப் போனான். "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ. நீங்களே அமைச்சராட்டு உள்ள போங்க. அந்தப் பேச்சைத் தூக்கிட்டேன். இந்த மைக்குல பேசினா அமைச்சர் பேசுவாரு." அம்புக்குறிகளை அழுத்தினால் நடக்கலாம் என்று காட்டினான்.

எனக்கு நடக்கத் தெரியவில்லை. முதலில் ஒரு மரத்தில் முட்டினேன். பிறகு நானாகவே ஆற்றில் விழுந்தேன். ஒரு வழியாகப் பழனிச்சாமியின் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்து, "வீரரே..." என்றேன்.

"வரப்பு மேல வாங்க அமைச்சரே. பயிர மிதிக்காதீங்க."

மேலே வந்தேன். எழுதி வைத்த வசனம் ஒன்றும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. "பயிர் எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"தண்ணி பத்தலைங்க. இத்தனை பெரிய ஆறு போகுது, வாய்க்கால்ல சொட்டு வரலை. உங்க ராஜா என்ன பண்றாரு?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. "மலைக்கோட்டையில ஒருத்தன் வாய்க்கால் தண்ணிய மறிச்சு வெச்சிருக்கான். மணிமுடிய எடுத்தவனும் அவன்தான்."

என் கதையில் அணையே கிடையாது. கண்ணாடிக்கு அப்பால் பழனிச்சாமியின் முதுகு நிமிர்ந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே, அறை அதிரக் கத்தினார். "ஏனுங், எல்லாரும் இங்க வாங்க! தண்ணிய மறிச்சுப்போட்டானாம்!"

அடுத்த சில நிமிடங்களில் நடந்ததை நான் ஒரு பக்கம்கூட எழுதியிருக்கவில்லை. கோழிக்காரர்கள், பானைக்காரர்கள் எல்லாரும் திரண்டார்கள். பாலம் வழியாகப் போகலாம் என்றேன்; யாரும் கேட்கவில்லை. பிகாஷ், "இதர் ஆவ், இதர்!" என்று வழிகாட்ட, பானைகள் மேல் ஏறி மதிலைத் தாண்டி, என் காடு, குகை, பாழ்மண்டபம் எதையும் எட்டிக்கூடப் பார்க்காமல், கோட்டையின் பின்பக்கமாக ஏழாவது அத்தியாயத்துக்குள் குதித்தார்கள். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். உட்கார்ந்த இடத்தில்தான், ஆனாலும் இரைத்தது.

கோட்டை மன்றத்தில் களவாடியவன் எழுந்து நின்றான். "ஐந்து தேர்வுகளையும் வென்று வந்த வீரனே!" என்றான். எதிரே நின்றவர்களில் ஒருவர் கையில் மண்வெட்டி. செல்வியின் கையில் கோழி. அவன் தொடர்ந்தான். "என் தாய் என்னை இந்த ஆற்றில்தான் விட்டாள். இந்த முடியை நான் திருடவில்லை. மூத்தவனான என் தலைக்கென்று செய்தது இது."

யாரும் வெட்டவில்லை.

"எதுக்கு ஆத்துல விட்டா?" என்றார் செல்வி. திரையைப் பார்த்துக் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த என்னைப் பார்த்துக் கேட்டார். "சார், அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?"

வெளியே வந்தேன். டீ வந்தது. அவர்கள் பார்க்காமல் தாண்டி வந்த ஆறு அத்தியாயங்களையும் பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. அரசி ஏன் விட்டாள் என்ற இடத்தில் செல்வி உச்சுக்கொட்டினார். இந்தியில் யாரோ மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டிருந்த பிகாஷ், எல்லாரும் அடுத்த இடத்துக்குப் போன பிறகு, தாமதமாகத் தலையாட்டினார்.

"அப்ப முறைப்படி மூத்தவனுக்குத்தானுங்களே வரோணும்?" என்றார் பழனிச்சாமி. அதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. கடைசியில் கிரீடம் அவனிடமே இருக்கட்டும், தண்ணீரை மட்டும் விடட்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்படி ஒரு முடிவு விளையாட்டில் இல்லை. ஜெபா உட்கார்ந்து அவசரமாகத் தட்டி ஓர் அணையைக் கட்டி, உடனே திறந்தும் விட்டான். சோளக்காட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது எல்லாரும் கை தட்டினார்கள். என் மன்னர் இன்று வரை முடியில்லாமல்தான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாரும் போன பிறகு நந்தினி அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "செக்கிங் டேபிள எப்பக் கொண்டாறாங்க?"

"கீழ ஷெட்டுல போட்டுக்கலாம்," என்றார் பழனிச்சாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கதிர் புடிக்கிற நேரத்துல எடத்தக் காலி பண்ண முடியுங்களா?"

நந்தினி முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது கண் நனைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை அவரே என்னை ஸ்டேஷனில் விட்டார். இனி அத்தியாயம் வேண்டாம், ஊருக்கு ஒரு ஆளாக எழுதிக் கொடுங்கள் என்றார்; யார் எந்த வழியாக வந்து கேட்டாலும் சொல்வதற்கு ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தால் போதும். சரி என்றேன். வருத்தம் இல்லாமல் இல்லை. என் குகையைப் பார்க்க யாருமே வராமலும் போகலாம். திருச்சியில் என் மேசையில் நான் எழுதுகிற வரிசையில்தான் எல்லாரும் படிப்பார்கள்; குறுக்கே புகுந்து கேள்வி கேட்க ஆளில்லை. இத்தனை வருடமும் அதைச் சௌகரியம் என்று எண்ணியிருந்தேன். ஈரோடு வந்ததும் ஒரு படகோட்டியைப் பற்றி எழுதத் தொடங்கினேன். அவனைப் பேசவிடாமல் ஒருவர் குறுக்கிட்டால் என்ன செய்வான் என்பதிலிருந்து.

கரூரை நெருங்கும்போது ஜெபா போன் செய்தான்.

"அண்ணாச்சி, முதலாளி காலையிலேருந்து மேலதான் இருக்காரு. சோளம் விளஞ்சிட்டாம். அறுப்புக்கு அமைச்சர் வந்தே ஆகணும்னு நிக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அமைச்சர் ரயில்ல இருக்காவன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"உக்கார எடம் கெடச்சுதான்னு கேட்டாரு."